வரை

எங்கள் பக்கம் வரை என்றால்
பாலம் வரை, பஸ் வரும் வரை,
தண்ணீர் வடியும் வரை.
அதற்கு மலை என்றும் பொருள் உண்டு என்று
எட்டாம் வகுப்பில் சொன்னார்கள்.
எழுதிக்கொண்டேன், நம்பவில்லை.
வரையாடு என்ற படத்தின் கீழே
செங்குத்தாய் நின்ற பாறையை
அச்சுப் பிழை என்றே நினைத்திருந்தேன்.

படுகை இது. மண் படுத்தே கிடக்கும்.
மேடு என்று பேர் வைத்த ஊர்தான்
முதலில் முழுகும்.
ஆற்றுத் தூணில் கோடு பார்த்து
மணிக்கொரு தரம் எழுதுவது என் வேலை.
நான் சம்பளம் வாங்கும் உயரம்
மொத்தமே பதினெட்டு அடி.

அணைக்கரையில் மதகு தூக்கிய மறுநாள்
கொள்ளிடம் எதிர்வளைவைத் தின்றிருந்தது,
மாடு பிடுங்கிய வைக்கோல் போர்போல
அடி குடைந்து, தலை நீட்டி.
மேலே களிமண். கீழே மணல்.
நடுவில் பழைய வெள்ளங்கள்
வரி வரியாக.
மூங்கில் வேர்கள் காற்றில் தொங்கின.

அடியில், பாய் அகலத்துக்கு மிச்சமிருந்த மணலில்
ஐந்து ஆடுகள்.

"அது என் கிடா" என்றாள் தையல்நாயகி.
நாலு வருசத்துக்கு முன்
வீரனுக்கு நேர்ந்து காது அறுத்து விட்டது.
ஆடிக்கு ஒரு வாரம் இருக்கும்போது
வறண்ட ஆற்றைத் தாண்டித் திட்டுக்குப் போனது,
நாணலுக்குள் தங்கிவிட்டது.
யாருடையவோ இரண்டு பெட்டைகள் சேர்ந்துகொண்டன.
குட்டிகளுக்குக் கயிறு என்றால் என்னவென்றே தெரியாது.
இப்போது திட்டு இல்லை.

முதலில் சின்னது ஏறியது.
ஏறியது என்பதா, தெரியவில்லை.
சுவரில் ஒரு வண்டல் வரி
இரண்டு விரல் அகலத்துக்குத் துருத்தியிருந்தது,
அதில் நாலு குளம்பையும் வைத்து நின்றது.
மணல் உதிர்ந்தது.
உதிர்கிற நேரத்துக்குள் அடுத்த வரியில் இருந்தது.
பெட்டைகள் குறுக்கே போயின, பிறகு மேலே,
பிறகு கொஞ்சம் கீழே இறங்கி
(அங்கேதான் எனக்கு வயிறு கலங்கியது)
மறுபடி மேலே.
கிடா கடைசி. அதன் கனத்துக்கு
மண் பிட்டுப் பிட்டு விழுந்தது, இட்லிபோல.
ஒருமுறை முன்னங்கால் மட்டும் ஊன்றி
முழு உடம்பும் ஆற்றின் மேல் தொங்கியது.
இந்தக் கரையில் முப்பது பேர் இருந்தோம்.
ஒருவரும் செல்போனை எடுக்கவில்லை.

உச்சிக்கு ஓர் ஆள் உயரம் இருக்கையில்
ஐந்தும் நின்றுவிட்டன.
மேலே பார்த்தால் பையன்கள்.
வைரக்கண்ணு கையில் கயிற்றுச் சுருக்கு,
இன்னொருவன் குனிந்து கை நீட்டுகிறான்,
தீயணைப்பு வண்டியும் வந்துகொண்டிருக்கிறதாம்.
கீழே பதினான்கு அடித் தண்ணீர்.
ஆடுகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தன.
தண்ணீரையே அதிக நேரம் பார்த்தன.

தையல்நாயகி போன் போட்டாள்.
"டேய் வைரம், அத்தனை பேரையும் கூட்டிக்கிட்டு
பின்னால போ. மூங்கிலுக்கு அந்தாண்ட.
காப்பாத்த வேணாம்டா, நகரு போதும்."
அவன் ஏதோ கேட்டான்.
"வீரன்கிட்ட நான் பேசிக்கறேன். வையி."

தலைகள் ஒவ்வொன்றாய் மறைந்தன.
வெறும் வானம்.
பிறகு ஒரு கொம்பு வானத்தைத் தொட்டது.
இரண்டு மூன்று நான்கு.
கிடாவுக்கு மட்டும் விளிம்பு இடிந்தது,
இடிந்த மண்ணையே மிதித்துப் போய்விட்டது.

ஓடிவந்து தூணைப் பார்த்தேன்.
பதிவேட்டில் எழுதினேன்: பதினோரு மணி.
பதினான்கரை அடி. ஏறுமுகம்.

இரவு எட்டுக்கு அந்தச் சுவர் மொத்தமாய்ச் சரிந்தது.
சத்தம் படுகை முழுக்கக் கேட்டது.
தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தோம்.
குளம்புத் தடம் ஏதுமில்லை.
ஆடுகளையும் அப்புறம் யாரும் காணவில்லை.
மூங்கில் தழை மட்டும்
என் கைக்கு எட்டாத உயரத்தில்
கடிபட்டிருந்தது.